கண்ணில் ஒரு புள்ளி

நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி, முஷ்டியை மடக்கி, நின்ற இடத்திலேயே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுகிறார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மயிரிழையில் ஒதுங்கி, அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார். அது இவர் காதில் விழவில்லை. தன் முஷ்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். விரல் கணுக்களின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் நிழலுமாக வந்த திசையில் சுற்றுவது நிற்கிறது. "ஆங்... இதான். இங்க ஒரு மூஞ்சிய நிறுத்தினா பிச்சுக்கும்" என்று காற்றிடம் சொல்லிவிட்டு மறுபடி நடக்கிறார். அந்த இடத்தில் நிறுத்த அப்போது முகம் ஒன்றும் இல்லை. ஒரு குப்பைத்தொட்டிதான் இருந்தது.

தெருவில் இவருக்கு ஜன்னல் என்று பெயர். சின்னவர்களுக்கு ஜன்னல் அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் ஜன்னல். வயது ஐம்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடி நெற்றியில், கேமரா கழுத்தில். வார் உரசி உரசிச் சட்டைக் காலர்கள் எல்லாம் இடப்பக்கம் நைந்துபோயிருக்கின்றன. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்; உட்கார்ந்திருப்பவர்களை எழுப்புவார். "இப்படி வாங்க. நாற்காலியோட வாங்க. இன்னும் கொஞ்சம். மூக்கு நிழல் கன்னத்துல விழணும், அப்பத்தான் மூக்குக்கு மரியாதை." காய்ச்சலில் கிடந்த ஒருவரைப் பார்க்கப் போய், கட்டிலையே திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த மனிதர் காய்ச்சல் தெளிந்து எழுந்தபோது நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாராம்.

இத்தனைக்கும் இவருடைய தொழில் விளக்குக் கடை. குழல் விளக்கு, குண்டு விளக்கு, தொங்கும் விளக்கு, சுவரில் ஒட்டும் விளக்கு என்று முப்பது வருஷமாக ஊருக்கே வெளிச்சம் விற்றவர். மூன்று வருஷத்துக்கு முன் கேமரா வாங்கினார். அன்றிலிருந்து தன் சரக்கின் மேலேயே இவருக்கு இளக்காரம். புது வீட்டுக் கூடத்துக்கு விளக்கு வாங்க வந்த ஓர் அம்மாளிடம், "கூடத்துக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கிழக்கால."

"அப்புறம் எதுக்கும்மா லைட்டு? மெல்லிசா ஒரு வெள்ளத் துணியக் கட்டி விடுங்க. பால் மாதிரி இறங்கும்."

"ராத்திரிக்கு என்னங்க பண்றது?"

"ராத்திரி தூங்குங்க."

அந்த அம்மாள் அடுத்த கடையில் மூன்று விளக்கு வாங்கிக்கொண்டு இவர் கடை வாசல் வழியாகவே போனார். போனவரின் முகத்தில் மாலை வெளிச்சம் எப்படி விழுகிறது என்று இவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வித்தையை இவர் கற்றது மாடியறை ஒன்றில் நடந்த நாலு சனிக்கிழமை வகுப்பில். சொல்லிக்கொடுத்த பெண்மணி நல்ல விஷயங்களைத்தான் சொன்னார். முதல் வகுப்பில், உச்சி வெயில் முகத்துக்கு ஆகாது, கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும் என்றார். இரண்டாவதில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை நிறுத்துங்கள், நிழல் பக்கம் இருண்டுபோனால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பி விடுங்கள் என்றார். மூன்றாவதில், கண்மணியில் ஜன்னலின் வெளிச்சம் சின்னப் புள்ளியாக விழுகிறதா என்று பாருங்கள், அது விழுந்தால் முகத்துக்கு உயிர் வரும் என்றார். நாலாவது வகுப்பு, படமெடுக்கப்படுகிறவரோடு எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி. "பேசறதுக்கெல்லாம் ஒரு வகுப்பா? நான் பேசாத பேச்சா?" என்று அதற்கு மட்டும் இவர் போகவில்லை.

மிச்ச மூன்று வகுப்பில் இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதிலும் அந்தப் புள்ளி இவரைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. "கண்ணுல புள்ளி இல்லன்னா அது படம் இல்ல, பொணம்" என்பார், எதிரில் இருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல். யாரோடு பேசினாலும் அவருடைய கண்ணுக்குள்ளேயே பார்ப்பார். புதிதாக அறிமுகமாகிறவர்கள், அடடா, என்ன அக்கறை, என்ன கவனம் என்று உருகிவிடுவார்கள். பாதிப் பேச்சில், "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க" என்று சொன்னதும்தான் உருகியது உறையும்.

பஸ் கண்டக்டரான மைத்துனருக்கு அடையாள அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. ஸ்டூடியோவுக்குப் போகக் கிளம்பியவரை இவர் கையைப் பிடித்து இழுத்து, மாடிப்படி ஜன்னலோரம் நிறுத்தி, முக்கால் மணி நேரம் எடுத்தார். ஒரு கன்னம் வெண்கலமாக மின்னியது. மறு கன்னம் அமாவாசை. அலுவலகத்தில் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"மாமா, மிச்சப் பாதி மூஞ்சி எங்கன்னு கேக்கறாங்க."

"அது நிழல்ல இருக்கு, மாப்ளே. அதுல ஒரு மர்மம் இருக்கு."

"டிக்கெட் கிழிக்கிறவனுக்கு என்ன மாமா மர்மம்?"

"ரசனை கெட்ட ஆபீஸ்" என்று இவர் முடித்துவிட்டார். மைத்துனர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் முழு முகத்தோடு திரும்பி வந்தார்.

வீட்டில் இவர் கண்டுபிடித்த ஆகச் சிறந்த வெளிச்சம் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னலில் வந்தது. அதுவும் காலை எட்டேகாலில் இருந்து ஒன்பது வரைக்கும்தான். ஆகவே அந்த நேரத்தில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆவி எழுந்து லென்ஸில் படியும். குளிர்ப்பெட்டி கூடத்துக்குக் குடிபோனது. தரையில் ஆள் நிற்கும் இடத்துக்கும் இவர் நிற்கும் இடத்துக்கும் ஒட்டுநாடாவில் பெருக்கல் குறி. இவ்வளவு செய்தும் எல்லார் முகத்திலும் லேசாகப் பச்சை பூத்தது. எதிர்வீட்டுச் சுவர் பச்சை. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருகிறது என்பதை இரண்டு மாதம் யோசித்துக் கண்டுபிடித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு எதிர்வீட்டுக் கூடமே கோணல். அங்கே குடியிருக்கும் தையல்காரரிடம் போய்ச் சுவருக்கு வெள்ளையடிக்க முடியுமா என்று கேட்டார்.

"எதுக்குங்க? மழைல பாசி புடிச்சுடும்."

"எங்க வீட்டுக்காரம்மா முகம் பச்சையா வருதுங்க."

தையல்காரர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரில காட்டுங்க."

தையல்காரர் சும்மா சொல்லவில்லை. இவர் மனைவி வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில்தான். தலைமை நர்ஸ். முப்பத்துமூன்று வருஷ சர்வீஸ். வீட்டில் அதிகம் பேசாத அந்த அம்மாள் வார்டில் வாயைத் திறந்தால் டாக்டர்களே நடையை எட்டிப் போடுவார்கள் என்று சொல்வதுண்டு. இவருக்கு அது தெரியாது. இவருக்குத் தெரிந்தவரை மனைவி என்பவர் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஆள். படமெடுத்துக்கொள்ள வருகிறவர் வந்து சேருவதற்குள், குறி போட்ட இடத்தில் நின்று காட்டும் ஆளும் அவரேதான். "நீ கொஞ்சம் நில்லு, வெளிச்சம் பாக்கணும்" என்பார். பத்துப் பதினைந்து படம் தட்டுவார். நிஜமான ஆள் வந்ததும் மனைவியின் படங்களையெல்லாம் அழித்துவிடுவார், இடம் அடைக்கிறதே என்று. அந்தத் தெருவில் அந்த அம்மாளைப்போல் அத்தனை முறை படமெடுக்கப்பட்டவர் யாருமில்லை. அந்த வீட்டிலோ அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மாள் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். வார்டுகளுக்கு நடுவே போகும் நீளமான நடையின் சுவரில், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ்களின் படங்களை வரிசையாக மாட்டியிருப்பார்கள். பதினோரு பேர். பன்னிரண்டாவதாக ஓர் ஆணி மட்டும் போன வருஷத்திலிருந்தே காத்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் எதையுமே வேண்டும் என்று கேட்காத அந்த அம்மாள் இந்த ஒன்றை மட்டும் கேட்டார்.

"வியாழக்கிழமைக்குள்ள படம் குடுக்கணும்ங்க. ஸ்டூடியோல எடுத்துக்கறேனே."

"ஸ்டூடியோலயா? ஃபிளாஷ் அடிச்சு மாவுல முக்கின மாதிரி எடுப்பான். வீட்ல வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியா? நான் எடுக்கறேன்."

"ரெண்டு கன்னமும் வரணும்" என்றார் மனைவி.

"வரும், வரும்."

சிக்கல் ஒன்று இருந்தது. மனைவி ஏழரைக்குப் புறப்பட்டாக வேண்டும். வெளிச்சம் எட்டேகாலுக்குத்தான் வரும். முப்பத்துமூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த அம்மாள் தாமதமாகப் போனதில்லை. திங்கட்கிழமை இவர் ஏழு மணிக்கே நிறுத்திப் பார்த்தார், வெளிச்சம் வரவில்லை. செவ்வாயன்று மேகம். புதனன்று மேகம் இல்லை, ஆனால் தையல்காரர் எதிரில் ஒரு சிவப்புத் துணியைக் காயப்போட்டிருந்தார். "ஒரே ஒரு நாள் லேட்டாப் போனா குடியா முழுகிடும்?" என்றார் இவர். புதன் சாயங்காலம் மனைவி வார்டுக்குப் போன் செய்து, நாளைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொன்னார். மறுமுனையில் நம்பாததால் அதையே இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. இவர் அப்போது லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே அந்த அம்மாள் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை உடுப்பில் வந்து பெருக்கல் குறியின் மேல் நின்றார். படத்துக்கென்றே தேய்த்த உடுப்பு அது. மடிப்பு கத்திபோல் நின்றது.

"வெள்ளையா? ஐயோ, வெள்ள வெளிச்சத்தத் தின்னுடும். போய் வேற எதுனா கலர்ல போட்டுக்கிட்டு வா."

"இதுலதாங்க முப்பத்திமூணு வருஷம் நின்னேன்."

"சரி சரி, நில்லு. தெர்மாகோல நீயே புடிச்சுக்க. நெஞ்சுக்கு நேரா. இன்னும் மேல. இன்னும்."

அந்த அம்மாள் தன் அட்டையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். எட்டேகாலுக்கு வெளிச்சம் வந்தது. வந்தது மேல் உதட்டுக்குப் போதவில்லை. அரை அடி தள்ளச் சொன்னார். மூக்கு நிழல் வாயைத் தொட்டது; முகத்தைத் தூக்கச் சொன்னார். கண்ணில் புள்ளி விழவில்லை. நெற்றியைச் சுருக்காதே, இமையை விரி, ஜன்னலைப் பார், நேராகப் பார்க்காதே என்றார். எட்டரை ஆனது. எட்டே முக்கால் ஆனது. நின்றுகொண்டே இருந்த அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி பேசத் தொடங்கினார்.

"மொத நாளு ஊசி போடறதுக்கு எனக்குக் கை நடுங்கிச்சுங்க. படுத்திருந்தவரு பாத்துட்டாரு. தைரியமாக் குத்தும்மா, எனக்கு வலிக்கவே வலிக்காதுன்னு அவரே கைய நீட்டினாரு. அவரு மூஞ்சி இன்னும் அப்படியே..."

"பேசாத. வாய் ஆடுது."

"ஞாயித்துக்கெழமையிலேருந்து யாரு கையப் பிடிக்கப்போறேன்னு..."

"அசையாத! அப்படியே இரு! வந்துருச்சு, வந்துருச்சு!"

பதினோரு முறை தட்டினார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. "இங்க பாரு! ஒரு கண்ணுக்கு ரெண்டு புள்ளி! மேல ஒண்ணு, கீழ ஒண்ணு! மேல இருக்கறது ஜன்னல். கீழ இருக்கறது தெர்மாகோல். வகுப்புல எவனுக்கும் வந்ததில்ல!"

மனைவி எட்டிப் பார்த்தார்.

"கீழ இருக்கறது புள்ளி இல்லங்க. தண்ணி."

"தண்ணியா? லென்ஸ்லயா?" என்று பதறி, இவர் சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தார்.

அந்த அம்மாள் தெர்மாகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார், பையை எடுத்தார், போய்விட்டார். படத்தைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று இவருக்கு ஒரு குறை. கேட்காவிட்டால் என்ன, நாமே கொண்டுபோய் அசத்திவிடுவோம் என்று பதினொன்றில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, கறுப்புச் சட்டம் போட்டு, காகிதத்தில் சுற்றி வைத்தார். ஒரு கன்னம்தான் இருந்தது. புள்ளி இரண்டும் இருந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் பிரிவு உபசாரக் கூட்டம். சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேமரா கழுத்தில் ஆட, இவர் அந்த நீளமான நடைக்குள் நுழைந்தார். கேமரா வாங்குவதற்கு முன்னால் வந்தது. அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறார். அந்த நடையில் எரியும் எட்டுக் குழல் விளக்குகளும் இவர் கடைச் சரக்கு. இவரே ஏணி வைத்து ஏறி மாட்டியவை. இப்போது அண்ணாந்து பார்த்து, "சீ, மொட்ட வெளிச்சம்" என்று முணுமுணுத்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பன்னிரண்டாவது ஆணி காலியாக இல்லை.

அதில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொள்ளக் கையைத் தூக்கி, கை பாதி தூரம் வருவதற்குள் முந்திக்கொண்டுவிட்ட சிரிப்பு. வெள்ளை உடுப்பில் மடிப்பு கத்திபோல் நின்றது. இரண்டு கன்னமும் இருந்தன. பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கா சார்? நாந்தான் எடுத்தேன். என் போன்ல."

"நீங்களா? எப்ப?"

"வியாழக்கெழம. அன்னிக்குத்தான் சார் அவங்க சர்வீஸ்லயே லேட்டா வந்தது. எங்களையெல்லாம் ஒரு நிமிஷத்துக்கு என்னா மெரட்டு மெரட்டுவாங்க! அதான் மொத்த வார்டும் வாசல்ல வரிசையா நின்னு, 'மணி என்ன சிஸ்டர்'னு கோரஸாக் கேட்டோம். வந்தப்ப மூஞ்சி ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நாங்க கேட்டதும் சிரிச்சாங்க பாருங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க."

இவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படத்துக்கு மிக அருகில் போனார். வெளிச்சம் தலைக்கு நேர் மேலே. கழுத்தடியில் நிழல். பின்னால் ஒரு வாளி. முகம் தட்டை. ஏழு குற்றம் எண்ணிவிட்டு எட்டாவதைத் தேடினார்.

"புள்ளி இல்ல" என்றார்.

"எந்தப் புள்ளி சார்?"

"கண்ணுல."

"கண்ணுதான் மூடியிருக்கே சார். சிரிச்சா அவங்களுக்குக் கண்ணு அப்படியே மூடிக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

ஆயாம்மா அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். இவருக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், மூன்று வருஷம் அந்தக் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தும் தெரியாது. ஒரு கிழட்டுப் பிடிவாதம் மட்டும் மிச்சமிருந்தது. நடையின் கோடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அந்த வெளிச்சத்தில் பார்த்தால் இந்தப் படத்தின் லட்சணம் தெரிந்துவிடும் என்று நினைத்தார். சுவிட்ச் எங்கே என்று இவருக்குத் தெரியாதா? தூணுக்குப் பின்னால் போய்த் தட்டினார். எட்டு விளக்கும் அணைந்தன.

கோடி ஜன்னலின் வெளிச்சம் அவ்வளவு தூரம் வரவில்லை. பதினோரு பேரும் போனார்கள், பன்னிரண்டாவதும் போயிற்று. சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. இவர் முஷ்டியை மடக்கி முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை.

வார்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வீட்டில் இவர் கேட்டே இராத குரல்.

"யாரது நடைல லைட்ட அணைச்சது? ட்ராலி வருது, கண்ணு தெரியல? போடு!"

போட்டார். விளக்குகள் இரண்டு முறை சிமிட்டிவிட்டு ஒவ்வொன்றாக எரிந்தன. சுவரில் மனைவி மறுபடி சிரித்தார். ட்ராலி கடந்து போனது. ஆயாம்மாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அக்குளில் இடுக்கியிருந்த சட்டத்தோடு இவர் தூணோரம் நின்றார், சுவிட்சின்மேல் கையை வைத்தபடி, வேறு யாரும் அணைத்துவிடாமல்.